நான்கை ஒழிக்க வந்த ஐந்தாவது ரிமோட்

டிவி ரிமோட்டில் சத்தத்தைக் குறைக்கும் பட்டன் செத்துப்போனதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கூட்டும் பட்டன் ஜம்மென்று வேலை செய்கிறது. சத்தம் ஏறும், இறங்காது. விளம்பரத்தில் ஒருவன் தொண்டை கிழியக் கத்துவான், அவனை அடக்க வழியில்லை. ம்யூட் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஒன்று காது கிழியும், இல்லாவிட்டால் ஊமைப்படம். நடுவில் ஒன்றும் கிடையாது.

ஏற்கெனவே சோபாவில் நான்கு ரிமோட் கிடக்கின்றன. டிவிக்கு ஒன்று, செட் டாப் பாக்ஸுக்கு ஒன்று, ஸ்ட்ரீமிங் ஸ்டிக்குக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று. டிவி ரிமோட்டின் பின்மூடி எப்போதோ தொலைந்துபோய், பேட்டரி ரப்பர் பேண்டின் தயவில் நிற்கிறது. அந்த மாடல் டிவியை விற்பதையே நிறுத்தி வருடங்கள் ஆகிவிட்டதால் அசல் ரிமோட் கிடைக்கவில்லை. அதே மாடல் எண்ணுக்கான டூப்ளிகேட்டும் கிடைக்கவில்லை. (உங்களுக்குக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே வாங்குங்கள். பேட்டரி போட்டால் வேலை செய்யும். நான் கீழே புலம்பப்போகும் எதுவும் உங்களுக்குக் கிடையாது.) சரி, ஒரே ஒரு யுனிவர்சல் ரிமோட் வாங்கி நான்கையும் மூட்டை கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டு, இருப்பதிலேயே மலிவானதாகப் பார்த்து ஒன்றை வாங்கினேன்.

இப்போது சோபாவில் ஐந்து ரிமோட்.

அட்டையில் 'எல்லா பிராண்டுகளுக்கும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். உள்ளே இருந்த துண்டுத்தாளில் எழுத்துகள் எறும்பு முட்டை அளவு. போன் கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. என் டிவியின் பிராண்டுக்கு நேராக 27 கோடு, அதாவது எந்த டிவி என்று ரிமோட்டுக்குச் சொல்லும் எண். ஒவ்வொன்றும் நான்கு இலக்கம். ஒரு கம்பெனிக்கு எதற்கு ஐயா 27?

காரணம் இருக்கிறது. ரிமோட் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைச் சிமிட்டித்தான் பேசுகிறது. பெரும்பாலானவை வினாடிக்குச் சுமார் 38,000 முறை சிமிட்டும். சில 36,000, சில 40,000. அந்தச் சிமிட்டலை எப்படி வெட்டி, எந்த இடைவெளியில் அனுப்பினால் எந்தப் பட்டன் என்று அர்த்தம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒரே கம்பெனியில்கூட வெவ்வேறு காலத்து மாடல்கள் வெவ்வேறு பாஷை கேட்கும். ஆக, பிராண்டு பெயரைப் பார்த்துக் கோடு போடுவது, ஊர் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வீடு தேடுகிற கதை.

ஒவ்வொன்றாகப் போட்டேன். எதுவும் எடுபடவில்லை. அப்புறம் துண்டுத்தாளின் கடைசியில் இருந்த 'தானியங்கித் தேடல்' பக்கம் போனேன். செட் பட்டனையும் டிவி பட்டனையும் சேர்த்து அழுத்தினால் மேலே ஒரு சிவப்பு விளக்கு எரியும். ரிமோட்டை டிவியைப் பார்த்து நீட்டிக்கொண்டு பவர் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அது தன்னிடம் இருக்கிற கோடுகளை ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்க்கும். டிவி அணைந்த அந்த நொடியில் விரலை எடுத்துவிட வேண்டும்.

அந்த நொடி! அதில்தான் வைத்திருக்கிறார்கள் ஆப்பை. நான் சுவரில் சாய்ந்து நீட்டிய கையோடு நிற்கிறேன். விளக்கு மின்னுகிறது, மின்னுகிறது, மின்னிக்கொண்டே இருக்கிறது. கட்டை விரல் மரத்துப்போய்விட்டது. அதே நேரம் பார்த்து அம்மா "இன்னுமா முடியல?" என்று கேட்க, நான் திரும்ப, டிவி பட்டென்று அணைந்தது. விரலை எடுப்பதற்குள் விளக்கு இன்னும் இரண்டு முறை மின்னிவிட்டது. சரியான கோடு கடந்துபோய்விட்டது. பின்னால் போக வழியில்லை. முதலிலிருந்து ஆரம்பி.

இரண்டாவது சுற்றில் பிடித்தேன். டிவி அணைந்தது, விரலை எடுத்தேன், செட் அழுத்திச் சேமித்தேன். சத்தம் குறைந்தது! வாழ்க்கையில் ஒரு பட்டனை அவ்வளவு ஆசையாக நான் அழுத்தியதில்லை. பத்து நிமிடம் கழித்து ஸ்டிக்குக்கு மாற்றலாம் என்று சோர்ஸ் பட்டனைத் தேடினால், அந்தப் பெயரில் பட்டனே இல்லை. டிவி/ஏவி என்று ஒன்று இருந்தது. அழுத்தினேன், சேனல் மாறியது. மெனுவை அழுத்தினேன், மொழி மாறியது. அன்று இரவு பாதி வரை எங்கள் டிவி எனக்குத் தெரியாத எழுத்தில்தான் இருந்தது.

இது தற்செயல் இல்லை. தேடல் பவர் பட்டனை மட்டும்தான் சோதிக்கிறது. பவரும் சத்தமும் பொருந்துகிற கோடு ஒன்றுக்கு மேல் இருக்கலாம். முதலில் பிடிபட்டதில் மற்ற பட்டன்கள் அரைகுறையாக இருக்கலாம். அதைச் சேமித்த கையோடு மெனு, சோர்ஸ், பேக் மூன்றையும் அழுத்திப் பார்த்து, சரியில்லை என்றால் தேடலை மேற்கொண்டு ஓட்ட வேண்டும். இதைத் துண்டுத்தாளில் ஒரு வரி எழுதினால் மை தீர்ந்துவிடுமா? மூன்றாவது கோடில்தான் எனக்குச் சோர்ஸ் கிடைத்தது. அதுவும் மஞ்சள் பட்டனில்! ஏன் மஞ்சள் என்று கேட்காதீர்கள்.

பட்டன்களை எண்ணிப் பார்த்தேன். 52. 1956-இல் ஜெனித் என்ற அமெரிக்க டிவி கம்பெனிக்காக ராபர்ட் ஆட்லர் வடிவமைத்த ஸ்பேஸ் கமாண்ட் ரிமோட்டில் இருந்தது நான்கே வேலை. சேனல் முன்னே, சேனல் பின்னே, சத்தம் வேண்டும் வேண்டாம், டிவி போடு அணை. பட்டனை அழுத்தினால் உள்ளே ஒரு குட்டிச் சுத்தியல் அலுமினியத் தண்டைத் தட்டும், நம் காதுக்கு எட்டாத அந்த ஒலியை டிவி கேட்டுக்கொள்ளும். பேட்டரிகூடக் கிடையாது. அந்த நான்கும் ஒழுங்காக நடந்தன. என் கையில் 52 பட்டன், அதில் 30-க்கு என்ன வேலை என்று அதைச் செய்தவனுக்கே தெரியாது.

அடுத்தது, மேல் வரிசையில் இருக்கும் டிவி, எஸ்டிபி (செட் டாப் பாக்ஸ்தான்), டிவிடி, ஆக்ஸ் பட்டன்கள். எந்தக் கருவியோடு பேசப்போகிறோம் என்று முதலில் இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சேனல் மாற்ற எஸ்டிபி, சத்தத்துக்கு டிவி, மறுபடி சேனலுக்கு எஸ்டிபி. எனக்கே மறந்துவிடுகிறது, அம்மாவுக்குச் சொல்லவா வேண்டும்? எஸ்டிபியில் இருக்கும்போது சத்தத்தைக் குறைத்தால் பாக்ஸின் சத்தம் குறையும், டிவியின் சத்தம் இருந்த இடத்திலேயே நிற்கும். காதுக்கு என்னவோ சரியாகத்தான் இருக்கும். அப்புறம் ஸ்டிக்குக்கு மாற்றுவீர்கள் பாருங்கள், முதல் வசனத்திலேயே தூங்குகிற குழந்தை எழுந்துவிடும்.

பவர் பட்டன் கூத்து தனி. பெரும்பாலான ரிமோட்களில் 'போடு' என்று ஒன்று, 'அணை' என்று ஒன்று தனித்தனியாகக் கிடையாது. 'இப்போது எப்படி இருக்கிறாயோ அதற்கு நேர்மாறாகப் போ' என்கிற ஒரே கட்டளைதான். இந்த லட்சணத்தில் என் ரிமோட்டில் எல்லாவற்றையும் சேர்த்து அணைக்க 'ஆல் பவர்' என்று ஒரு பட்டன். அழுத்தும்போது யாராவது குறுக்கே நடந்தால் தீர்ந்தது, டிவி அணைந்துவிடும், பாக்ஸுக்குச் செய்தி போய்ச் சேராது. மறுபடி அழுத்தினால் டிவி எரியும், பாக்ஸ் அணையும். மறுபடி அழுத்தினால் பழையபடி. விடிய விடிய அழுத்தினாலும் இரண்டும் ஒன்றாக உறங்காது. இதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம், டிவிக்கு முன்னால் போய்க் குனிந்து, அதன் அகச்சிவப்புக் கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, மறு கையால் ரிமோட்டைப் பாக்ஸுக்கு நீட்டுவது. எழுந்து போகாமல் இருக்கத்தானே ரிமோட் வாங்கினோம்?

ஸ்டிக்கை இது தொடவே தொடாது. அது தன் ரிமோட்டோடு புளூடூத்தில் பேசுகிறது, இவன் ஒளியைச் சிமிட்டினால் அதற்குக் குருடன் முன் கண்ணடித்த மாதிரி. ஏசியும் கிடையாது. அதிலாவது ஒரு நியாயம் இருக்கிறது. டிவி ரிமோட் 'இந்தப் பட்டன்' என்று மட்டும் சொல்லும், பல டிவிகளில் 32 பிட்டில், அதாவது 32 பூஜ்யம்-ஒன்றுகளில், சேதி முடிந்துவிடும். ஏசி ரிமோட் அப்படி இல்லை. நீங்கள் ஒரு டிகிரி கூட்டினாலும் வெப்பநிலை, கூல் மோடு, ஃபேன் வேகம், ஸ்விங் என்று அதன் சின்னத் திரையில் இருக்கிற மொத்தத்தையும் ஒவ்வொரு முறையும் அனுப்புகிறது. பல ஏசிகளில் 100 பிட்டுக்கு மேல் போகும். அதனால்தான் ஏசிக்கென்று தனியாக ஒரு யுனிவர்சல் ரிமோட் விற்கிறார்கள். யுனிவர்சலில் எத்தனை யுனிவர்ஸ்!

என் தம்பி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "இதெல்லாம் வேலைக்கு ஆகாதுண்ணா, லேர்னிங் ரிமோட் இருக்கு, அசல் ரிமோட்டைப் பார்த்துக் கத்துக்கும்" என்று தன் வீட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தான். இரண்டையும் மேஜையில் மூக்கோடு மூக்கு, இரண்டு விரல் இடைவெளியில் படுக்க வைத்தோம். புதியதில் ஒரு பட்டனை அழுத்து, பழையதில் அதற்கான பட்டனை அழுத்து, விளக்கு மூன்று முறை மின்னும், கற்றுக்கொண்டுவிட்டது. கோடும் இல்லை, துண்டுத்தாளும் இல்லை. பவர், சோர்ஸ், மெனு, அம்புக்குறிகள் எல்லாம் ஒரே தடவையில் ஏறின. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கடைசியாகச் சத்தத்தைக் குறைக்கும் பட்டன். புதியதில் அழுத்தினேன். பழையதில் அழுத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. எப்படி நடக்கும்? அந்தப் பட்டன்தானே செத்தது!

தம்பி போனின் முன்பக்கக் கேமராவைத் திறந்து ரிமோட்டின் மூக்கைக் காட்டினான். சத்தம் கூட்டினால் திரையில் ஊதா நிறத்தில் விளக்கு மினுங்குகிறது. குறைத்தால் இருட்டு. வாத்தியாருக்கே மறந்துபோன பாடத்தைப் பையன் எங்கே படிப்பான்? ரிமோட்டைப் பிரித்து, ரப்பர் பட்டனுக்கு அடியில் இருக்கும் கருப்புக் கார்பன் பொட்டைத் துடைத்தோம், தேய்ந்த இடத்தில் அலுமினியத் தாளை வெட்டி ஒட்டினோம். இரண்டு நாள் வேலை செய்தது. மூன்றாம் நாள் தாள் கழன்று உள்ளே எங்கோ போய், இப்போது ரிமோட்டை ஆட்டினால் கிலுகிலுப்பை சத்தம். ரிமோட் நன்றாக இருக்கும்போதே நகல் எடுத்து வைத்திருக்க வேண்டுமாம். எவன் செய்வான்? நன்றாக இருக்கும்போது அதை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

தம்பி தன் ரிமோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் வாங்கிய 52 பட்டன் மகாராஜாவுக்குக் கடைசியில் ஒரே வேலைதான் மிஞ்சியது, சத்தத்தைக் குறைப்பது. டிவியைப் போட, சேனல் மாற்ற, சத்தம் கூட்ட எல்லாம் பழைய ரிமோட்கள். குறைக்க மட்டும் இது. சரி, ஒரு பட்டனுக்காக ஒரு ரிமோட் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஒரு மாதம் ஓட்டினேன்.

நேற்று ராத்திரி அதன் பேட்டரி தீர்ந்தது. பழையதைக் கழற்றி வைத்துவிட்டு, புதுசைத் தேடி இழுப்பறையைக் கிளறிக்கொண்டு வந்து போட்டேன். அதற்குள் கோடு மொத்தமும் அழிந்துபோயிருந்தது. எந்தக் கோடு என்று நான் குறித்து வைக்கவில்லை. தானாகத் தேடிப் பிடித்ததை எப்படிக் குறிப்பது?

டிவியில் சத்தம் 34-இல் நிற்கிறது. கூட்டுகிற பட்டனை யாரும் தொடக் கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டிருக்கிறேன்.