ஆகாயமும் 36-ல் ஒன்றுதான்

சிதம்பரத்தில் திரை விலகி, தங்க வில்வ மாலை தொங்கும் வெற்றிடத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருபவர்கள் பெரும்பாலும் சொல்வது: "கடவுள் ஆகாயம் மாதிரி, எல்லையே கிடையாது." பக்திக்குச் சரி. சைவ சித்தாந்தம் இதை ஒத்துக்கொள்ளாது.

சைவ சித்தாந்தக் கணக்கில் தத்துவம், அதாவது உலகும் உடலும் அமைந்த அடிப்படைக் கூறுகள், 36. ஆகாயம் ஐம்பூதத்தில் ஒன்று. ஆன்ம தத்துவம் 24-க்குள் அடங்கிவிடும். காலம் வித்தியா தத்துவம் 7-ல் ஒன்று. இரண்டும் மாயையில் (உலகத்தின் மூலப்பொருளில்) தோன்றி மாயையிலேயே ஒடுங்குபவை. இறைவனோ 36-க்கும் அப்பால். அவரை இடத்தாலும் காலத்தாலும் "முடிவில்லாதவர்" என்பது, மரக்காலால் அதைச் செய்த தச்சனையே அளப்பது போல.

இன்னொரு சிக்கல், இதைப் பலர் கவனிப்பதே இல்லை. சித்தாந்தத்தில் உயிரும் வியாபகப் பொருள்தான், அதாவது எங்கும் பரவி நிற்பது. ஆணவம் என்ற மலம் (உயிரின் அறிவை மறைக்கும் அழுக்கு) மறைப்பதால் அணுவாய்ச் சுருங்கிக் கிடக்கிறது. (வடலூர் தைப்பூசத்தில் 7 திரை விலகும்போதும் சோதி வளர்வதில்லையே, மறைப்புதான் விலகுகிறது.) அனந்தம் (எல்லையின்மை) என்பது அளவு என்றால், மலம் நீங்கிய உயிருக்கும் சிவனுக்கும் என்ன வேறுபாடு? வேறுபாடு அறிவில். பதி, அதாவது இறைவன், தானே அறியும். உயிர் அறிவித்தால் அறியும். பாசம், அதாவது உயிரைக் கட்டும் மலங்கள், அறிவித்தாலும் அறியாது.

எல்லை மூன்று வகை: தேசம் (இடம்), காலம், வஸ்து (வேறொரு பொருள் இருப்பதால் வரும் எல்லை). முதல் இரண்டில் சண்டை இல்லை. மூன்றாவதில்தான் கட்சி பிரிகிறது: எல்லையற்ற ஒன்று இருக்க, இரண்டாவதற்கு இடம் ஏது? சங்கரர் வழியில், இரண்டாவது உண்மையில் இல்லை. ராமானுஜர் வழியில், உயிரும் உலகும் அவன் உடல். ஐரோப்பாவில் 13-ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ இறையியலாளர் அக்வினாஸ், கடவுளின் இருப்பு வேறெதிலும் ஏற்கப்பட்டு அடங்குவதில்லை, அதனால் எல்லையில்லை என்றார். அங்கேயும் பரப்பளவுப் பேச்சு இல்லை.

சிதம்பரம் கொற்றவன்குடியில் வாழ்ந்த சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் தம் திருவருட்பயன் நூலின் முதல் குறளிலேயே விடை வைத்துவிட்டார்:

"அகர உயிர்போல் அறிவாகி எங்கும்
நிகரில்இறை நிற்கும் நிறைந்து."

'க' சொல்லிப் பாருங்கள். உள்ளே அகரம் இருக்கிறது. ஆனால் அது ககரமாக மாறிவிடவில்லை. ககரம் அகரத்துக்கு வேலி போடவும் இல்லை. ஒரே பலகையில் இரண்டு குடம் வைத்தால் ஒன்று இன்னொன்றுக்கு இடைஞ்சல்; எழுத்துக்குள் அகரத்துக்கு அந்த இடைஞ்சல் வராது. என் பார்வையில் சங்கரர், ராமானுஜர், உமாபதி சிவம் மூவரின் விடைகளில் இதுதான் உலகத்தையும் பொய்யாக்காமல், இறைவனையும் குறைக்காமல் நிற்பது.

உவமையில் ஒரு ஓட்டை உண்டு: அகரத்துக்கு அறிவு கிடையாது. உமாபதி சிவமும் அதை விட்டுவிடவில்லை, 'எங்கும்' என்பதற்கு முன்னால் 'அறிவாகி' என்று வைத்தார். நாம் அதைத் தாண்டி 'எங்கும்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு ஆகாயத்துக்குப் போய்விடுகிறோம்.