காமா டிடெக்டர் கதிர் வீசும் கருவியா?

காரைக்குடிப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. உருண்டையான இயந்திரம், அருகே வெண்புகை. “நாலாபுறமும் காமாக் கதிர் வீசும் கருவி, கசிவதைப் பாருங்கள்” என்கிறது குறிப்பு.

தவறு. அது காமா டிடெக்டர் அணி, அதாவது காமாக் கதிரை உணர்ந்து அளக்கும் கருவிகளின் தொகுப்பு. கதிரை வாங்குமே தவிர வீசாது. முடுக்கி என்ற இயந்திரம் வேகமூட்டிய துகள்கள் நடுவிலுள்ள இலக்கில் மோத, அங்குள்ள அணுக்கருக்கள் எல்லாத் திசையிலும் கதிர் விடுவதால்தான் சுற்றிலும் டிடெக்டர்கள். டிடெக்டரிலுள்ள ஜெர்மேனியப் படிகத்துக்குள் வந்த கதிர் ஆற்றலில் ஒரு பகுதியை மட்டும் விட்டுவிட்டுச் சிதறி வெளியேறினால் கணக்கு பொய்த்துவிடும். அதனால் படிகத்தைச் சுற்றி பிஸ்மத் ஜெர்மனேட் என்ற வேறொரு படிகத்தாலான, கதிரை உணரும் கவசம் வைக்கிறார்கள். அதே கணத்தில் கவசத்திலும் சமிக்ஞை எழுந்தால் அந்தப் பதிவு கழிக்கப்படும். வடிவமைப்பின் சாமர்த்தியமே இதுதான். மும்பை, டெல்லி, கொல்கத்தா முடுக்கி மையங்களில் மாறி மாறி நிறுவப்படும் இந்திய தேசிய காமா அணியும் இப்படித்தான்.

முடுக்கி ஓடும்போது இலக்கிலிருந்து கதிர் வருவது உண்மை. அப்போது அந்த அறைக்குள் ஆளை விடுவதில்லை.

புகையா? படிகத்தைக் குளிர்விக்கும் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனின் குளிரில் காற்றின் ஈரம் பனியாவதுதான்.

இதே டிடெக்டரை நம் செட்டிநாட்டு வீட்டு வளவில் வைத்தாலும் சும்மா இருக்காது. செங்கல் சுவரில் இயற்கையாகவே உள்ள பொட்டாசியம்-40 என்ற கதிரியக்கப் பொட்டாசியம் விடும், 1,460 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமாக் கதிரைக் காட்டும்.