வண்டி ஒருத்தருடையது, பெட்ரோல் இன்னொருத்தருடையது

விமான நிலையத்துக்கு வெளியே டாக்சி வரிசையில் நின்றிருந்தேன். என் முறை வந்தபோது எதிரே வந்து நின்றது ஒரு பெரிய பெட்ரோல் எஸ்யூவி. எட்டு சிலிண்டர் இன்ஜின், ஏழு பேர் உட்காரும் வண்டி. ஏறினது நானும் என் தோள்பையும் மட்டும்தான். முதல் சிக்னலில் ஓட்டுநர் ஏசியைக் குறைத்தார். இரண்டாவது சிக்னலில் ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். மூன்றாவதில் இன்ஜினையே அணைத்துவிட்டார். நான் பெட்ரோல் முள்ளைப் பார்ப்பதைக் கவனித்திருப்பார் போல. "வண்டி என்னோடது இல்ல சார். பெட்ரோல் மட்டும்தான் என்னோடது" என்றார்.

டாக்சிக்கு எதற்கு இவ்வளவு பெரிய வண்டி என்று பேச்சு வந்தால் பாதிப் பேர் "என்ன திமிர்" என்பார்கள், மீதிப் பேர் "செம கெத்து" என்பார்கள். நான் இவ்வளவு நாளும் கெத்துக் கட்சி. பழைய வண்டி, பெரிய இன்ஜின் என்றால் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஓட்டுநர் அப்படிச் சொன்னதிலிருந்து எந்த ஊர் டாக்சிப் படத்தைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தோன்றுகிற கேள்வி வேறு: இதை வாங்கினது யார், டேங்க் நிரப்புவது யார்?

நியூயார்க்கின் மஞ்சள் டாக்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். பல வருஷம் அந்தத் தெருக்களை ஆண்டது ஃபோர்டு கிரவுன் விக்டோரியா. 4.6 லிட்டர் வி8 இன்ஜின். லாரிக்குப் போடுவதுபோலத் தனிச் சேஸி (அடிச்சட்டம்), அதன்மேல் பாடி. அமெரிக்க அரசின் கணக்குப்படியே நகர ஓட்டத்தில் கேலனுக்கு 16 மைல்தான், அதாவது லிட்டருக்கு 7 கிலோமீட்டர்கூட வராது. சும்மா நின்று உறுமிக்கொண்டிருந்தாலே மணிக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் போய்விடும். டாக்சியின் பிழைப்பே நிற்பதும் ஊர்வதும்தானே? சவாரி இறங்கிய இடத்திலிருந்து அடுத்த சவாரி கிடைக்கும்வரை காலியாகச் சுற்றுகிற ஓட்டத்துக்கும் எண்ணெய் ஊற்றித்தான் ஆக வேண்டும்.

அப்படியிருந்தும் ஏன் அந்த வண்டியை வாங்கிக் குவித்தார்கள்? வாங்கியவர்கள் முட்டாள்கள் இல்லை. எங்கே இடித்தாலும் அந்தத் துண்டை மட்டும் கழற்றி வேறு மாட்டிவிடலாம். போலீசும் அதே மாடலை வைத்திருந்ததால் உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை, போலீசிலிருந்து கழித்த வண்டிகளும் சந்தைக்கு வந்துகொண்டிருந்தன. குழியில் விட்டாலும் தாங்கும். பின்சீட்டில் காலை நீட்டி உட்காரலாம். முதலாளி பக்கமிருந்து பார்த்தால் தங்கமான வண்டி. மைலேஜ் ஒன்றுதான் குறை. அந்தக் குறை அவர் பையைத் தொடவில்லை, ஏனென்றால் அப்போது அங்கே ஷிஃப்டுக்கு இவ்வளவு என்று வாடகை கட்டி வண்டியை எடுத்த ஓட்டுநர்தான் பெட்ரோலும் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. வேறு வண்டி கேட்கலாமே என்பீர்கள். ஓட்டுநர் வேலைக்கு வரும்போது எந்தச் சாவி கையில் கொடுக்கப்பட்டதோ அதுதான் அன்றைக்கு அவருக்கு வண்டி.

இந்த விஷயம் நீதிமன்றம்வரை போனது. 2007-இல் நியூயார்க் மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க், 2012-க்குள் மஞ்சள் டாக்சி எல்லாவற்றையும் ஹைபிரிடாக்குவோம், அதாவது பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த வண்டியாக்குவோம் என்று அறிவித்தார். புதிதாக வரும் டாக்சி நகர ஓட்டத்தில் கேலனுக்கு 25 மைல் தர வேண்டும், அடுத்த வருஷம் 30 தர வேண்டும் என்று விதி போட்டார்கள். டாக்சி நிறுவன முதலாளிகளின் சங்கம் வழக்குப் போட்டது. மைலேஜ் விதி போடுகிற அதிகாரம் மத்திய அரசுக்குத்தான் உண்டு, நகராட்சிக்கு இல்லை என்று 2008-இல் தடை வந்தது. நகராட்சி சும்மா விடவில்லை, சுற்றுவழியில் போய்ப் பார்த்தது. ஓட்டுநரிடம் வாங்கக்கூடிய வாடகையின் உச்சவரம்பை எண்ணெய் குடிக்கிற வண்டிக்குக் குறைத்து, ஹைபிரிடுக்குக் கூட்டினார்கள். என்னைக் கேட்டால் இந்த வழக்கில் யாருக்காவது நோயின் வேர் தெரிந்தது என்றால் அது இந்த யோசனையில்தான். பெட்ரோல் செலவை முதலாளியின் பைக்குத் திருப்பிவிடுகிற வேலை அது. இதுவும் மைலேஜ் விதிதான், வேறு சட்டை போட்டிருக்கிறது என்று சொல்லி 2009-இல் நீதிமன்றம் அதையும் நிறுத்தியது. மேல்முறையீட்டிலும் நகராட்சிக்குத் தோல்விதான். 2011-இல் ஃபோர்டே அந்த மாடலை நிறுத்திக்கொண்டது.

இப்போது எதிர்ப்பக்கம் வாருங்கள். வாங்குகிறவரும் எண்ணெய்க்குக் காசு கொடுக்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் என்ன நடக்கும்?

பெரிய கார் டாக்சி என்றதும் எல்லோரும் கியூபாவின் ஹவானா படத்தைத்தான் நீட்டுவார்கள். ஐம்பதுகளின் செவ்ரோலே, ப்யூக், வால்பக்கம் இறக்கை, பளபளக்கும் குரோம். "பாருங்க, ஏழை நாட்டுல வி8 டாக்சி!" பானெட்டைத் திறந்து பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். பல வண்டிகளில் அசல் இன்ஜின் எப்போதோ போய்விட்டது. உள்ளே உட்கார்ந்திருப்பது எந்த வேனிலிருந்தோ பிடுங்கிவந்த டீசல் இன்ஜின். வெளியே ராஜா அலங்காரம், உள்ளே லொடலொட டீசல். அமெரிக்கத் தடையால் உதிரி பாகம் வராததும் ஒரு காரணம். ஆனால் தன் காசில் எண்ணெய் ஊற்றுகிறவர் எவ்வளவு மெனக்கெட்டாவது குடிகார இன்ஜினைக் கழற்றி எறிவார் என்பதும் அதில் தெரிகிறது. இன்ஜின் மவுண்டை வெட்டி ஒட்டி, கியர்பாக்ஸுக்கு அடாப்டர் கடைந்து பொருத்துவது சாதாரண வேலையா என்ன?

கிரேக்க நாட்டு டாக்சி ஓட்டுநர் ஒருவரின் 1976 மாடல் மெர்சிடிஸ் 240டி இன்றைக்கு அந்த நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். 46 லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. மெர்சிடிஸ் என்றதும் ஆடம்பரம் என்று நினைத்துவிடாதீர்கள். 65 குதிரைத்திறன் டீசல், மேட்டில் ஏறினால் பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பார். மொராக்கோவில் ஊருக்கு ஊர் ஓடிய பழைய மெர்சிடிஸ் டாக்சிகளில் முன்னால் ஓட்டுநரோடு இருவர், பின்னால் நால்வர் என்று ஆறு சவாரியை அடைப்பார்கள். ஒரு லிட்டர் டீசலை ஆறு பேர் பங்கு போட்டுக்கொள்கிற வண்டியைக் கனமான வண்டி என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஊதாரி என்று சொல்லாதீர்கள்.

ஜப்பானில் பெரும்பாலும் டாக்சி நிறுவனமே வண்டி வாங்கும், எரிபொருளுக்கும் அதுவே காசு கொடுக்கும். அங்கே பல வருஷம் ஓடியது எல்பிஜி போட்ட டொயோட்டா கிரவுன் கம்ஃபர்ட். ஆச்சரியமே இல்லை.

செக்கர் டாக்சியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் கட்சிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். மிச்சிகனில் கலமசூ என்ற ஊரில், டாக்சிக்கென்றே செய்த வண்டி. பின்னால் தரை தட்டையாக இருக்கும், மடக்கி வைத்த இரண்டு சீட்டை விரித்தால் பின்பக்கமே ஐந்து பேர். கடைசி வண்டி 1982-இல் ஆலையை விட்டு வந்தது, நியூயார்க்கில் கடைசியாக ஓடிய செக்கர் 1999-இல் ஓய்வு பெற்றது, கிட்டத்தட்ட 10 லட்சம் மைல் ஓட்டத்தோடு. அதுவும் நன்றாகக் குடிக்கிற வண்டிதான். ஆனால் அந்தப் பின்சீட்டுக்காக நான் அதை மன்னிப்பேன். (பாரபட்சம்தான். தெரியும்.)

மைலேஜ் கணக்கில் எல்லோரும் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. லிட்டருக்கு 5 கிலோமீட்டர் தருகிற டாக்சியை 8 தருகிற வண்டியாக மாற்றினால் 100 கிலோமீட்டருக்கு ஏழரை லிட்டர் மிச்சம். லிட்டருக்கு 15 தருகிறதை 25 ஆக்கினால் மிச்சம் இரண்டே முக்கால் லிட்டருக்கும் கீழே. காதுக்கு 3 சின்னது, 10 பெரியது. டேங்குக்கு நேர்மாறு. ஆக, மாற்றத்தை ஆரம்பிக்க வேண்டியது பெருந்தீனி வண்டிகளிலிருந்துதான். அதற்கு ஓட்டுநரைப் பிடித்து அபராதம் போட்டுப் பயனில்லை. சாவியைக் கொடுக்கிறவரிடம் பெட்ரோல் பில்லை நீட்டினால் போதும், மறுமாதமே அவருக்கு ஹைபிரிட் மேல் பக்தி வந்துவிடும்.

வேண்டுமென்றே குடிகார வண்டியில் ஏறுகிறவர்களும் உண்டு. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையில் பிஎம்டபிள்யூ எம்5-ஐ ரிங் டாக்சி என்று ஓட்டினார்கள். ஒரு காலத்தில் அதில் இருந்தது 5 லிட்டர் வி10, 507 குதிரைத்திறன். பயணி அலறுவதற்கென்றே காசு கொடுத்து ஏறுகிறார், எரிகிற பெட்ரோல் அந்தக் காசிலேயே அடக்கம். வெட்டி நீட்டிய ஹம்மர் லிமோசினும் இந்த ரகம்தான். ஹம்மர் எச்2-வுக்கு, புது வண்டியில் ஒட்டுகிற மைலேஜ் விவரச் சீட்டையே அமெரிக்காவில் ஒட்டவில்லை, அந்தச் சட்டம் பிடிக்கிற எடை வரம்பைத் தாண்டிவிட்ட வண்டி அது. குண்டாக இருப்பதற்குக் கிடைத்த சலுகை! ஏறுகிறவருக்குத் தெரிந்து, அவர் காசில் எரிந்தால் எனக்குப் புகை மீது மட்டும்தான் புகார்.

எனக்கு வந்த எஸ்யூவி அந்த ரகமில்லை. அதை நான் கேட்கவுமில்லை, அவர் விரும்பவுமில்லை. வரிசையில் அடுத்ததாக நின்றது, அவ்வளவுதான்.

இறங்கும்போது, "திரும்ப விமான நிலையத்துக்கே போவீங்களா அண்ணே?" என்று கேட்டேன். "காலியாப் போனா கட்டாது சார். இங்கேயே நிழல்ல போட்டுட்டு யாராச்சும் வர்றாங்களான்னு பார்ப்பேன்" என்றார். பத்தடி தள்ளி ஒரு மரத்தடியில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.