கொப்பி எங்களிட்ட இருக்கு, நீங்கள் கேக்கேல்ல

சின்னத் தொழில்கள் எவ்வளவு காபன் விடுகின்றன என்று கணக்குப் பார்ப்பது பற்றிச் சனிக்கிழமை ஒரு கூட்டம் நடந்தது. அதைப் பற்றி எழுத வேண்டாம், கோபம் ஆறட்டும் என்று இரண்டு நாள் பொறுத்திருந்தேன். ஆறவில்லை. அங்கே இருந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். மேடையில் நின்றவர் சொன்ன அந்த ஒற்றை வசனம்தான். "திருகோணமலையில் சின்னத் தொழில்களிடம் தரவே இல்லை. இங்கே எழுதி வைக்கிற பழக்கம் இல்லை."

நான் பின்வரிசையில் இருந்தேன். என் மடியில் ஆலைக் கணக்கு எழுதுகிற சீ.ஆர். கொப்பி, தடித்த அட்டைக் கொப்பி, இருந்தது. கையை உயர்த்தினேன். கேள்விகள் கடைசியில் என்றார்கள். கடைசியில் நன்றியுரை வந்தது, தேத்தண்ணி வந்தது, என்னிடம் ஒருவரும் வரவில்லை.

ஐயா, கொப்பி எங்களிட்ட இருக்கு. நீங்கள் கேக்கேல்ல.

நான் 19 வருடமாக ஐஸ் கொம்பனியில் வேலை செய்கிறேன். ஒரு நாளைக்கு மூன்று முறை மின் மீற்றர் ரீடிங்: காலை 5.30, பின்னேரம் 6.30, இரவு 10.30. மின்சாரத்துக்கு எங்களுக்குப் பகலுக்கு ஒரு விலை, உச்ச நேரத்துக்கு ஒரு விலை, இரவுக்கு ஒரு விலை போடுகிறார்கள். 6.30 தொடக்கம் 10.30 வரையான நாலு மணித்தியாலம்தான் ஆளை விழுத்தும். ரீடிங்குக்குப் பக்கத்தில் அன்றைக்கு இறக்கிய கட்டிகளின் எண்ணிக்கை. ஜெனரேற்றர் ஓடியிருந்தால் எத்தனை லீற்றர் டீசல். மூலையில் காற்று: கச்சானா, வாடையா.

தரவு என்றால் வேறென்ன? காபன் கணக்குக்கு இன்று உலகம் முழுக்கப் பாவிக்கிற நெறிமுறை 2001இல் வந்தது. அது முதலில் கேட்பது இரண்டே விஷயம். உன் இடத்தில் என்ன எரித்தாய்? வெளியிலிருந்து எவ்வளவு மின்சாரம் வாங்கினாய்? ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ காபனீரொட்சைட்டு. யூனிட்டை நாட்டு மின்சாரத்தின் சராசரிக் காரணியால், அதாவது ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோ என்ற எண்ணால், பெருக்க வேண்டும். லீற்றரும் கொப்பியில் இருக்கு, யூனிட்டும் கொப்பியில் இருக்கு. பெருக்கலை ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை செய்யும்.

கொப்பியால் என்ன பிரயோசனம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு ஆவணி மாதம், ஒரு தொன் ஐஸுக்கு 62 யூனிட்டாக இருந்தது மூன்று கிழமையில் 71 ஆகிவிட்டது. முதலாளி பில்லில் பிழை என்றார். அப்போது எங்களுக்குப் போர்மனாக இருந்த அண்ணை கொப்பியை நாலு பக்கம் பின்னுக்குப் புரட்டினார், ஒன்றும் பேசவில்லை, வாயுவைத் தண்ணீரால் ஆறவைத்துத் திரவமாக்குகிற கண்டென்சரைக் கழற்றச் சொன்னார். குழாய்களுக்குள்ளே கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு, ஐந்து ரூபாய்க் குற்றியின் தடிப்பில் படிந்திருந்தது. விடிய விடியக் கம்பி விட்டு உரஞ்சினோம். என் முழங்கை வரை வெள்ளை. அடுத்த நாள் 63. கொழும்பிலிருந்து எந்த நிபுணரும் வரவில்லை.

கரண்ட் போய் வந்தால் இரண்டு கம்பிரசரையும் ஐஸ் அரைக்கிற மெசினையும் ஒன்றாகப் போடக்கூடாது என்பதும் அவர் காட்டித் தந்ததுதான். மாதத்தில் எந்த 15 நிமிடத்தில் அதிகம் இழுக்கிறோமோ, அந்த இழுவையின் அளவுக்குத்தான் (கேவீஏ என்று பில்லில் வரும்) முழு மாதமும் காசு கட்ட வேண்டும். இதெல்லாம் 'சக்தி முகாமைத்துவம்' இல்லையா? பெயர் தெரியாமல் செய்தால் கணக்கில் வராதா?

"ஸ்மார்ட் மீற்றர், சொஃப்ட்வெயர் வந்த காலத்தில் கொப்பியைக் கட்டிப் பிடிக்கிறான்" என்று சிலர் சொல்வீர்கள். தாருங்கள், இரண்டு கையாலும் வாங்குவேன். ஆனால் யூனிட் ஏறியது என்று சொல்லும் அந்த மெசினுக்கு, பொடியன் தொட்டி மூடியைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனது தெரியாது. ஸ்கோப் மூன்று, அதாவது எங்கள் தொழிலோடு சேர்ந்து வெளியே மற்றவர்கள் எரிப்பது, எங்கே என்றும் கேட்பீர்கள். லொறியின் டீசல், போட்டுகளின் எண்ணெய் எங்களிடம் இல்லை. இல்லாததை இல்லை என்றுதான் சொல்கிறேன். மழை நல்லாப் பெய்து நீர்மின் ஓடுகிற மாதத்து யூனிட்டும் நுரைச்சோலை நிலக்கரியில் வருகிற யூனிட்டும் ஒன்றல்ல என்பதும் எனக்குத் தெரியும். கூட்டத்தில் தரப்பட்ட படிவத்தில் குளிராக்குகிற வாயுவுக்கு ஆர்-22, ஆர்-410ஏ என்று ஏசிக்காரர்களின் கட்டம்தான் இருந்தது. எங்கள் ஆலையில் ஓடுவது அமோனியா. ஆர்-22 காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 1,800 மடங்கு பூமியைச் சூடாக்கும். அமோனியா அந்தக் கணக்கில் பூச்சியம். எங்களுக்கு நல்லதாக இருந்த அந்த ஒரு விஷயத்தை எழுத இடமே இல்லை. படிவம் தமிழிலும் இல்லை.

இந்த ஊர் சனத்துக்குக் காபன் தெரியாது என்று சொல்லாதீர்கள். 2006இல் போரால் இடம்பெயர்ந்து பிறகு திரும்பிவந்த சம்பூர்ச் சனம்தான், அங்கே வரவிருந்த 500 மெகாவாட் நிலக்கரி ஆலை வேண்டாம் என்று தெருவில் நின்றது. 2016இல் அது கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டம் தொடக்கி வைக்கப்பட்டது. அந்தச் சனத்தை எந்த மேடைக்குக் கூப்பிட்டீர்கள்?

எனக்கு நொந்தது வேறு இடத்தில். போன வருடம் காபன் அறிக்கை செய்ய ஒருவர் எங்களிடம் வந்தார். 2022இன் பக்கங்களில் நின்றார். மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலம் அது. டீசலுக்கும் வரிசை, ஆலை பாதி நாள் பூட்டு, சில நாட்களுக்கு ஒன்றும் எழுதப்படவில்லை. "சராசரியைப் போட்டு நிரப்புங்கோ தம்பி, யார் பாக்கப்போறான்" என்றார். மதிப்பீடு செய்யலாம், ஆனால் மதிப்பீடு என்று எழுதிவிட்டுச் செய்ய வேண்டும் என்றேன். ஒத்துழைக்காத ஆள் என்று முதலாளியிடம் போய்ச் சொன்னார். முதலாளியே இருந்து நிரப்பிக் கொடுத்தார். வெளியே போன அறிக்கையில் அந்த நாட்கள் அழகாக இருக்கின்றன.

நான் ஏன் நிரப்பவில்லை என்றால், போர்மன் அண்ணையின் ஒரு பக்கத்தைப் பார்த்திருக்கிறேன். சுனாமியில் எங்கள் பழைய கொப்பி எல்லாம் போய்விட்டது. ஆலை திரும்ப ஓடத் தொடங்கிய நாளில் அவர் புதுக் கொப்பி வாங்கி முதல் வரியில் எழுதியது இது: "26.12.2004 தொடக்கம் நேற்று வரை ரீடிங் இல்லை. கடல்." கீழே அன்றைய ரீடிங். அந்தக் கடலில் அவர் தங்கச்சியைப் பறிகொடுத்தவர். எழுதி வைக்கிற பழக்கம் இல்லையாம்.

சனிக்கிழமைக் கூட்டம் முடிய ஏழு மணி தாண்டிவிட்டது. வந்து கொப்பியைத் திறந்தேன். அன்றைய 6.30 கட்டத்தில் எழுதியிருக்கிறேன்: "கூட்டத்துக்குப் போனேன். ரீடிங் இல்லை."