பொங்கல் குழம்பில் கேரட்டுக்கு என்ன வேலை?

போகிக்கு இரண்டு நாள் முன்னால் கும்பகோணத்தில் ஒரு கடையில் 'பொங்கல் குழம்புக் காய்' என்று நறுக்கிப் பாக்கெட் போட்டு வைத்திருந்தார்கள். அவசரத்தில் வாங்கிவிட்டேன். வீட்டில் பிரித்தால் பாதிக்கு மேல் கேரட்டும் பீன்ஸும். மொச்சை ஒன்றுகூட இல்லை. பொங்கலுக்கு ஏழு காய் போட்டு வைக்கும் ஏழுகறிக் குழம்பு, மொச்சை இல்லாமல் என்ன குழம்பு?

"இங்கிலீஷ் காயெல்லாம் இதில் சேருமா?" என்று நான் புலம்ப, தம்பி மகன் போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்: "அத்தை, பறங்கிக்காய், சர்க்கரைவள்ளி, மிளகாய் எல்லாமே அமெரிக்காவிலேர்ந்து வந்ததுதான். பறங்கின்னு பேர்லயே இருக்கே!"

பதில் வரவில்லை. போர்த்துக்கீசியரைத்தானே பறங்கி என்றார்கள்! அதே அமெரிக்காவிலிருந்து வந்த உருளைக்கிழங்கைப் போட்டு, இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கடப்பாவையும் நம்மூர்ப் பண்டம் என்று பெருமையாகத்தான் சாப்பிடுகிறேன்.

சரி, எங்கிருந்து வந்தது என்பதை விட்டுவிடுகிறேன். எப்போது காய்க்கிறது என்பதை விட மாட்டேன். ஆடியில் கொல்லையில் ஊன்றிய பறங்கி, தைக்குள் முற்றிவிடும். பகல் குறுகிப் பனி இறங்கினால்தான் நாட்டு மொச்சையும் கொடி அவரையும் பூக்கும். (வருஷமெல்லாம் காய்க்கும் செடி அவரை வேறு கதை.) சேனையும் வள்ளியும் தோண்டும் சமயமும் அதுதான். ஊட்டி கேரட் சித்திரையிலும் வரும், ஐப்பசியிலும் வரும். அதைப் போட்டுக் குழம்பு வைத்தால் தை பிறந்தது நாக்குக்கு எப்படித் தெரியும்?

இந்தக் குழம்புக்குப் பக்குவம் உண்டு. சேனையை நறுக்குமுன் கையில் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அரிப்பு. கிழங்கும் மொச்சையும் வெந்த பிறகுதான் புளித்தண்ணீர். முன்னாலேயே விட்டால் எவ்வளவு கொதித்தாலும் விறைத்துக்கொண்டு நிற்கும். பறங்கிக்காயைத் தோலோடு பெரிய துண்டமாகக் கடைசியில் போட வேண்டும். அதுவும் வள்ளியும் விடும் இனிப்பே போதும், வெல்லம் வேண்டாம். மொந்தன் வாழைக்காய் இருந்தால் இன்னும் நல்லது. மல்லி, மிளகாய், கடலைப்பருப்பு, தேங்காய் வறுத்து அரைத்துவிட்டு இறக்கி, மாட்டுப் பொங்கலன்று மிச்சத்தைச் சுண்டவைத்துப் பழைய சோற்றோடு சாப்பிட்டுப் பாருங்கள். முதல் நாள் குழம்பு அதற்கு ஒத்திகைதான்.

பாக்கெட் காயை வீணாக்கவில்லை, போகியன்று சாம்பாரில் போட்டுவிட்டேன். அன்று சாயங்காலமே மார்க்கெட்டில் மொச்சை வாங்கி வந்து தம்பி மகனிடம் உரிக்கக் கொடுத்தேன். அந்தக் கையால் போனைத் தொட்டால் பிசுபிசுக்கிறதாம்.