சோப்பு உறையில் எண்ணெயின் பெயர் எங்கே?

வீட்டில் சோப்பு செய்யப் பழகியவர்கள் அதற்கப்புறம் அடுத்தவர் செய்த சோப்பைத் தொடுவதே இல்லை. சோப்பு செய்கிற தோழிகள் பலர் இதைப் பெருமையாகவே சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இயற்கை அங்காடியோ, கண்காட்சி ஸ்டாலோ, மகளிர் குழுக் கடையோ, கைவினை சோப்பு எங்கே கண்ணில் பட்டாலும் ஒன்று வாங்கிக்கொண்டுதான் வருவேன். ஒரே குளியலறையில், ஒரே போர் தண்ணீரில், நம் சோப்பையும் அவர்கள் சோப்பையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால்தான் நம்முடையது எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரியும்.

இப்படி வாங்கி வாங்கி எனக்கு ஒரு மனக்குறை சேர்ந்துவிட்டது. உறையின் முன்பக்கம் குப்பைமேனி, ஆவாரம்பூ, நலங்கு மாவு, ஆட்டுப்பால், ரெட் ஒயின் என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். பின்பக்கம் திருப்பினால் "இயற்கை எண்ணெய்கள்" என்று ஒரே வார்த்தை. என்ன எண்ணெய்? அதை மட்டும் எழுதுவதே இல்லை.

சோப்பு என்பதே எண்ணெய்தானே. ஒரு கிலோ எண்ணெய்க்கு, அதை சோப்பாக மாற்றும் காரமான காஸ்டிக் சோடா ஏறக்குறைய 140, 150 கிராம். அதைக் கரைக்க முந்நூறு கிராம் சொச்சம் தண்ணீர். குப்பைமேனிப் பொடி எவ்வளவு போடுவோம்? ஒன்றிரண்டு ஸ்பூன். அதற்கு மேல் போனால் சோப்பு உடம்பைச் சுரண்டும். குளித்துவிட்டு வந்ததும் தோல் இழுக்கிறதா, வழவழவென்று இருக்கிறதா, நுரை நிற்கிறதா, சோப்பு பத்து நாளில் கரைந்து போகிறதா, எல்லாவற்றையும் தீர்மானிப்பது எண்ணெய்தான். தேங்காய் எண்ணெய் கூடினால் கட்டி நன்றாக இறுகும், உப்புத் தண்ணீரில்கூட நுரை பொங்கும், ஆனால் தோல் வறண்டுவிடும். அதனால்தான் முழுக்கத் தேங்காய் எண்ணெயில் செய்கிறவர்கள் 20 சதவீதம் வரை எண்ணெயை சோப்பாக மாறாமல் மிச்சம் விடுகிறார்கள். மற்ற கலவைகளுக்கு 5 சதவீதம் போதும். ஆலிவ் எண்ணெய் மட்டும் என்றால் தோலுக்கு இதம், ஆனால் நுரை கொழகொழவென்று வரும், கட்டி இறுக மாதக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். விளக்கெண்ணெய் கொஞ்சம் சேர்த்தால் நுரை நிலைக்கும், அதிகமானால் பிசுபிசுக்கும். இத்தனை விஷயமும் எண்ணெயின் பெயரைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். குப்பைமேனி என்று படித்தால் ஒன்றும் தெரியாது.

நல்ல கிளிப்பச்சை நிறத்தில் ஒரு குப்பைமேனி சோப்பு கிடைத்தது. வெளிச்சத்தில் பிடித்தால் லேசாக ஒளி ஊடுருவியது. இலைப்பொடியின் பச்சை சோப்பின் காரத்திலும் வெளிச்சத்திலும் நிற்கவே நிற்காது. சில வாரத்தில் மங்கி, பழுப்பாகத்தான் முடியும். அப்படியென்றால் இந்தப் பச்சை தனியாகக் கலந்த நிறமியிலிருந்து வந்தது. மழை நாளில் உறையைப் பிரித்து ஜன்னல் ஓரம் வைத்தேன். காலையில் மேலெல்லாம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. கிளிசரின் அதிகம் சேர்த்த சோப்பு பேஸ், அதாவது உருக்கி ஊற்றுவதற்கென்றே ஆயத்தமாக விற்கிற சோப்புக் கட்டி, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு இப்படித்தான் வியர்க்கும். மேலே ரோஜா இதழ் பதித்து, அந்த இதழும் சிவப்பு மாறாமல் இருக்கிற சோப்புகளையும் இதே கண்ணோடுதான் பார்ப்பேன். காஸ்டிக் போட்டுச் செய்த சோப்பில் ரோஜா இதழ் கருத்துவிடும். நிறம் மாறாமல் தாங்குவது காலண்டுலா என்கிற சாமந்தி மாதிரிப் பூவின் இதழ்தான்.

சோப்பு பேஸை வாங்கி உருக்கி, பொடி கலந்து, மோல்டில் ஊற்றி விற்பதில் தப்பே இல்லை. சின்னக் குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் காஸ்டிக்கைக் கையாள முடியாதவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் அந்த பேஸில் என்ன எண்ணெய் என்பதைத் தீர்மானித்தது ஏதோ ஒரு தொழிற்சாலை. பேஸ் விற்கிறவர்கள் சேர்மானப் பட்டியல் தருவார்கள், அதை அப்படியே உறையில் போடலாமே. "செக்கு எண்ணெயில் பாரம்பரிய முறையில்" என்று எழுதும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

"கெமிக்கல் இல்லாத சோப்பு" என்பது இன்னொன்று. காஸ்டிக் சோடா இல்லாமல் இந்தக் கட்டி சோப்பு கிடையாது. அளவு சரியாக இருந்தால் எண்ணெயோடு முழுசாகச் சேர்ந்து சோப்பும் கிளிசரினும் ஆகிவிடும், காஸ்டிக்காக மிச்சம் நிற்காது. இதை வாங்குகிறவரிடம் தைரியமாகச் சொல்லலாம். சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று மறைத்து மறைத்துத்தான் அந்தப் பயத்தை நாமே வளர்த்து வைத்திருக்கிறோம்.

சேர்மானத்தை உறையில் எழுதச் சொல்லித்தான் சட்டமும் கேட்கிறது. 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகள்படி, ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்ந்த பொருட்களை அளவின் இறங்கு வரிசையில் அச்சிட வேண்டும், தயாரிப்பு உரிம எண்ணும் வேண்டும். மளிகைக் கடையில் வாங்குகிற சாதாரண சோப்பு உறையில்கூட சோடியம் பாமேட் என்று போட்டிருக்கும். பாமாயிலில் செய்தது என்று அதிலிருந்து புரிந்துகொள்ளலாம். அதைவிட மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்குகிற சோப்பில் அந்த விவரம் இல்லையென்றால் என்ன நியாயம்?

இதற்கு நேர்மாறாக ஒருவரைக் கோவையில் ஒரு கண்காட்சியில் பார்த்தேன். அழகில் சுமாரான சோப்பு. வெளிறிய மஞ்சள், வாசனை எதுவும் சேர்க்கவில்லை, நடுவில் கொஞ்சம் கருத்த வட்டம். ஊற்றிய சோப்பு நடுவில் மட்டும் சூடேறி ஜெல்லாகிவிட்டால் இப்படி வட்டம் விழும். பலர் இதை ஒதுக்கிவிடுவார்கள், குளிக்க அதனால் ஒரு குறையும் இல்லை. ஒன்றை வாங்கி, ஓரத்தை நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தேன். காஸ்டிக் மிச்சம் இருந்தால் சுரீர் என்று இழுக்கும். அந்தப் பெண் சிரித்துவிட்டார். "அக்கா, நீங்களும் சோப்பு ஊத்துவீங்களா?"

உள்ளே கையால் எழுதிய சீட்டு. ஆலிவ் 40, தேங்காய் 35, அரிசித் தவிட்டு எண்ணெய் 17, விளக்கெண்ணெய் 8. சூப்பர்ஃபேட், அதாவது சோப்பாக மாறாமல் மிச்சம் விடும் எண்ணெய், 6 சதவீதம். ஊற்றிய தேதி. கணக்குப் பார்த்தால் ஆறு வாரம் முழுசாகக் காய்ந்திருந்தது. எங்கள் தண்ணீரில் தயிர் கடைந்த மாதிரி கெட்டி நுரை. என் சோப்பில் நுரை பெரிது பெரிதாக வந்து சீக்கிரம் அடங்கிவிடும். நான் தவிட்டு எண்ணெய் போட்டதே இல்லை. அளவு கூடினால் சோப்பு சீக்கிரம் சிக்கு வாடை அடித்து ஆரஞ்சுப் புள்ளி விழும் என்று தள்ளியே வைத்திருந்தேன். 17 என்ற அளவு சரியாகத்தான் இருக்கிறது. அவருடைய சீட்டைப் பார்த்துத்தான் அதையும் வாங்கி வைத்திருக்கிறேன்.

நூறு கிராம் சோப்பு 120, 150 ரூபாயா என்று கேட்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். நன்றாகக் காய்ந்த நூறு கிராம் கட்டிக்குள் எழுபது கிராமுக்கு மேல் எண்ணெய் இருக்கிறது. 2025ல் தேங்காய் எண்ணெய் கிலோ நானூறு ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். ஆலிவ் அதைவிட விலை. அப்புறம் ஆறு வாரம் அலமாரி, உறை, ஸ்டால் வாடகை. அந்த விலை கொடுக்க எனக்கு மனம் உண்டு, எண்ணெய் பெயர் எழுதியிருந்தால். நீங்களும் வாங்கும்போது குப்பைமேனியை விட்டுவிட்டு எண்ணெயைக் கேளுங்கள். ஊற்றிய தேதியையும் கேளுங்கள். உங்கள் ஊரில் இரண்டையும் மறைக்காமல் எழுதி விற்கிறவர்கள் இருந்தால் கீழே சொல்லுங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன்.