பென்னிகுயிக் வீட்டை இடித்துத்தான் நூலகம் கட்டினார்களா?

அண்ணே, மதுரை புது நத்தம் ரோட்டில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகம், முல்லைப்பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக் குடியிருந்த வீட்டை இடித்துக் கட்டியது என்று போட்டிருக்கிறீர்கள். 2021லேயே கிளம்பிய பேச்சுதான் இது, அப்போதே பதிலும் வந்துவிட்டது. அங்கே இருந்தது பொதுப்பணித்துறைக் குடியிருப்பு. துறையின் ஆவணப்படி அந்தப் பழைய கட்டடத்தை 1912ல் ஆரம்பித்து 1913ல் முடித்திருக்கிறார்கள் என்று அரசு சொன்னது. பென்னிகுயிக் இறந்தது 1911 மார்ச்சில், அதுவும் இங்கிலாந்தில். முல்லைப்பெரியாறு அணை 1895லேயே திறந்தாயிற்று, அடுத்த வருடமே அவர் இங்கிலாந்தின் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரித் தலைவராகப் போய்விட்டார். செத்த பிறகு கட்டிய வீட்டில் மனுசன் எப்படிக் குடியிருப்பார்?

எங்கள் அம்மா ஊர் கம்பம் பக்கம், வீட்டில் சாமி படத்தோடு அவர் படமும் மாட்டியிருக்கும். அதனாலேயே இந்தக் கதையைக் கேட்டால் கொஞ்சம் கோபம் வருகிறது.

நூறு வருடப் பழைய கட்டடத்தை இடிக்கலாமா என்று கேளுங்கள், அது நியாயமான கேள்வி. இல்லை, 2023 ஜூலை 15ல் திறந்த, இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேல் இருக்கிற கட்டடத்துக்கு லிஃப்ட், ஏசி, கரையான் மருந்து, கழிவறை சுத்தம் என்று வருடா வருடம் ஆகிற செலவை ஒழுங்காக ஒதுக்குகிறார்களா என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். பதிவில் அந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.